கடைசியாகச் சேமித்தவர்

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கைப்பம்பி நின்றது. புத்தம் புதுசு. பச்சைப் பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் பாக்கியம் அக்கா நின்றார்.

வன்னியில், துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு மணல் ஒழுங்கை. மத்தியானத்துக்குச் சற்று முந்திய வெயில். நெளுக்குளத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி, மல்லாவியில் இறங்கி, ஓட்டோ பிடித்து வந்து சேர்ந்திருந்தேன். தோளில் மடிக்கணினி. அதற்கு முன் பாக்கியம் அக்காவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய அடையாள அட்டை இலக்கம், வீட்டில் எத்தனை பேர், கூரை தகரமா ஓடா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் செய்த மென்பொருளில் அவர் ஒரு பதிவு.

"நீங்கதான் கம்ப்யூட்டர்ல எழுதுறவங்களா?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா."

"எம் பேரு அதுல இருக்குங்களா?"

ஒழுங்கையில் நின்றபடியே மடிக்கணினியைத் திறந்து, போனில் இருந்து இணைப்பு எடுத்து, பதிவைத் தேடினேன்.

"இருக்குது. குழாய்க்கிணறு. வேலை முடிஞ்சுது எண்டு போட்டிருக்கு."

"அப்ப தண்ணி எங்கங்க?"

அதற்குத் திரையில் இருந்த எந்தக் கட்டத்திலும் பதில் இருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வளவுக்காரர் சிவலிங்கம் பம்பியின் பிடியில் ஒரு கையை வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பார்ப்பதைக் கண்டதும் இரண்டு தரம் அடித்துக் காட்டினார். தண்ணீர் வந்தது. தெளிந்த தண்ணீர்.

"நல்ல தண்ணி, பிள்ளை," என்றார். "ரெண்டு தரம் விண்ணப்பம் போட்டனான். மறந்திட்டினம் எண்டுதான் நினைச்சன்."

பாக்கியம் அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. நாலு வருஷமாகத் திரும்புவதில்லையாம். சிவலிங்கத்தின் மாடு பாக்கியம் அக்காவின் கச்சான் கடலை நாற்றை ஒரே காலையில் முடித்த விஷயம்.

யார் இந்தப் பாக்கியம்

மலையகத்தில் இருந்து பல வருஷங்களுக்கு முன் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். தாய் தகப்பன் தேயிலையில் வேலை செய்தவர்கள். இவர் கச்சான், மிளகாய், பயிற்றங்காய் போடுகிறவர். கணவர் முனியாண்டிக்குச் சிறுநீரக வருத்தம். கிழமைக்கு ஒரு நாள் வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போய் வரவேண்டும். வளவில் இருந்த பழைய கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படை பிடிக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் எங்கள் பட்டியலில் அவருடைய பெயர் மேலே இருந்தது.

துளைக்கும் இயந்திரம் வந்த நாள் இருவரும் கிளினிக்குக்குப் போயிருந்தார்கள். இயந்திரக்காரர்களின் கையில் இருந்தது நான் அச்சிட்டுக் கொடுத்த தாள். அதில் இருந்த ஜி.பி.எஸ். இடக்குறிப்பு சிவலிங்கத்தின் வளவைக் காட்டியது. சிவலிங்கம் படலையைத் திறந்து, "எனக்கோ?" என்று கேட்டிருக்கிறார். "இந்த இடந்தான் ஐயா" என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்குப் பாக்கியம் அக்கா பஸ்ஸால் இறங்கி வரும்போது அவருடைய கிணறு அடுத்த வீட்டில் இருந்தது.

நான் எப்படி இதற்குள் வந்தேன்

இந்தத் தொடரில் போன கிழமை, நான் ஒருமுறை பழுதாக்கிய பிரின்டரைப் பற்றி எழுதியதை வாசித்த ஒருவர், "நீங்கள் உண்மையிலேயே கணினி படித்தவரா?" என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. வவுனியாவில் ஒரு தனியார் வகுப்பில் ஆறு மாதம் படித்தேன். மிச்சத்தைப் பிழைவிட்டுப் படித்தேன். அந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு விலை கொடுத்தது மற்றவர்கள்.

நான் வேலை செய்தது கிணறு அமைத்துக் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில். பெயர் வேண்டாம். இப்போது அது இல்லை. நெளுக்குளத்தில் ஒரு வாடகை வீடு தலைமைக் கந்தோர். மல்லாவியில் இரண்டு அறை கிளைக் கந்தோர். அதற்கு முதல் எல்லாம் கோப்புகளில் இருந்தது. கோப்பு மல்லாவியில் இருந்தால் நெளுக்குளத்தில் இருக்காது. நெளுக்குளத்தில் இருந்தால் பெரும்பாலும் யாருடைய மோட்டார் சைக்கிள் பையிலாவது இருக்கும்.

நான் அதை இணையத்துக்குக் கொண்டுவந்தேன். எங்கே இருந்தும், எத்தனை பேரும், ஒரே நேரத்தில் திறக்கலாம். "ஒரே நேரத்தில்" என்ற சொல்லை அறிமுகக் கூட்டத்தில் மூன்று தரம் சொன்னேன். கைதட்டினார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அப்போது எனக்கும் தெரியாது.

இன்னொரு வசதியும் வைத்தேன். ஒவ்வொரு பதிவின் அடியிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி வரும்: கடைசியாகச் சேமித்தவர் இன்னார். யார் என்ன செய்தார் என்று இனிமேல் ஒளிக்க முடியாது என்று முகாமையாளர் சந்தோஷப்பட்டார்.

யோகராசா அண்ணை

துணுக்காயில் இருந்து திரும்பி வந்து பார்த்தபோது, பாக்கியம் அக்காவின் பதிவின் அடியில் இருந்த பெயர் யோகராசா.

யோகராசா அண்ணை மல்லாவிக் கந்தோரின் கள உத்தியோகத்தர். அறுபதை நெருங்கியவர். கூட்டுறவுச் சங்கக்கடைக் கணக்கு லிகிதராக இருந்து ஓய்வு பெற்று, ஒப்பந்தத்தில் எங்களிடம் வந்தவர். துணுக்காயில் எந்த ஒழுங்கையில் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை தெரியும். எல்லாவற்றையும் முதலில் கொப்பியில் எழுதி, கீழே கோடு போட்டு, பிறகுதான் கணினியில் ஏற்றுவார். இரண்டு விரலால் தட்டுவார். பிழை விடமாட்டார்.

பாக்கியம் அக்கா வீட்டு இடக்குறிப்பை முதன்முதலில் எடுத்தவர் அவர்தான். ஒழுங்கையில் நின்று போனில் எடுத்தது, கொஞ்சம் விலகிவிட்டது. அது யாருக்கும் நடக்கும். பிறகு நெளுக்குளத்தில் இருந்து ரிஸ்வானா நீரோட்டம் பார்க்கும் கருவியோடு போய், சரியான இடத்தைப் பார்த்து, பதிவைத் திருத்தினாள். ரிஸ்வானா எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர். குடும்பம் முல்லைத்தீவு. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது இடம்பெயர்ந்ததால் அவள் பிறந்தது புத்தளத்தில். வாப்பா திரும்பி வந்து வயல் செய்யத் தொடங்கியபோது கூட வந்தவள். அவள் திருத்தியது திருத்தியபடி இருந்திருந்தால் இந்த அத்தியாயம் இல்லை.

விசாரணை நெளுக்குளத்தில் நடந்தது. விசாரணை என்றால் முகாமையாளர், ரிஸ்வானா, யோகராசா அண்ணை, நான், ஒரு தட்டு பிஸ்கட்.

"ரிஸ்வானா திருத்தின இடத்தை நீங்கள் திரும்பப் பழையபடி மாத்தியிருக்கிறியள்," என்றார் முகாமையாளர்.

"நான் அந்தக் கட்டத்தைத் தொடேல்லை, சேர். அண்டைக்கு நான் செய்தது அந்த மனுசன்ரை பெயரைத் திருத்தினது மட்டுந்தான். 'முனியண்டி' எண்டு கிடந்துது. ஒரு அரவு போட்டு 'முனியாண்டி' ஆக்கினனான்." அரவு என்றது துணைக்காலை.

முகாமையாளர் என்னைப் பார்த்தார்.

இதை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன். நான் சொன்னது இதுதான்: "கணினி தானா ஒண்டையும் மாத்தாது, சேர். கடைசியாச் சேமிச்சது யோகராசா அண்ணைதான்."

யோகராசா அண்ணை கொப்பியைப் புரட்டினார். அந்த நாளைக் கண்டுபிடித்து, விரலை வைத்து, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொப்பியை மூடினார்.

"அப்ப தொட்டிருப்பன் போலை," என்றார். "எனக்குத்தான் ஞாபகம் இல்லை."

ஓர் அரவின் பயணம்

நாலு நாள் கழித்து, ஒரு காலையில், வேறு எதையோ தேடிக்கொண்டு சேவையகத்தின் நாட்குறிப்பைப் பார்த்தேன். யார் எந்தப் பக்கத்தை எத்தனை மணிக்குத் திறந்தார், எத்தனை மணிக்குச் சேமித்தார் என்று அது தன்பாட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். யாரும் வாசிப்பதில்லை.

அன்றைக்குப் பத்தே முக்காலுக்கு யோகராசா அண்ணை பாக்கியம் அக்காவின் பதிவைத் திறந்திருக்கிறார். பதினொன்றரைக்கு ரிஸ்வானா அதே பதிவைத் திறந்து, இடக்குறிப்பைத் திருத்தி, சேமித்திருக்கிறாள். யோகராசா அண்ணை இடையில் வெளியே போய், சாப்பிட்டு வந்திருக்கவேண்டும்; மூன்று மணிக்கு அதே பக்கத்தில் அரவைப் போட்டு, சேமித்திருக்கிறார்.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். பதிவைத் திறக்கும்போது அதன் ஒரு பிரதிதான் உங்கள் திரைக்கு வருகிறது. நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறொருவர் உண்மையானதை மாற்றினால், உங்கள் திரைக்குத் தெரியாது. "சேமி" என்று அழுத்தியதும் முழுப் பக்கமும் திரும்பப் போகிறது, மாற்றியதும் மாற்றாததும் சேர்ந்து. யோகராசா அண்ணையின் திரையில் காலையில் வந்த பழைய இடக்குறிப்பு அப்படியே கிடந்தது. அரவோடு அதுவும் போய், ரிஸ்வானாவின் திருத்தத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அவர் அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. தொட்டது நான் எழுதிய நிரல். மாற்றிய கட்டத்தை மட்டும் அனுப்பு என்றோ, இடையில் யாராவது மாற்றினார்களா என்று பார் என்றோ நான் அதற்குச் சொல்லியிருக்கவில்லை. ஒரே நேரத்தில் பலர் வேலை செய்யும் எந்த மென்பொருளிலும் முதலில் யோசிக்கவேண்டிய விஷயம் இது. நான் யோசித்தது பொத்தான்களின் நிறத்தை.

அந்தக் காலையிலேயே எழுந்து போய் முகாமையாளரிடம் சொல்லியிருக்கவேண்டும். அவருடைய அறை பத்து அடி தூரம். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். முதலில் திருத்துவம், பிறகு சொல்லுவம் என்று எனக்கு நானே சொன்னேன்.

பூட்டு

இரண்டு நாளில் பூட்டு ஒன்று செய்தேன். ஒருவர் பதிவைத் திறந்தால் அது அவருக்கு மட்டும். அவர் சேமித்து மூடும்வரை மற்றவர்களுக்கு ஒரு சிவப்புச் செய்தி வரும்: இந்தப் பதிவை இன்னார் திறந்து வைத்திருக்கிறார். அறிவித்தலில் "பாதுகாப்பு மேம்பாடு" என்று எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை.

பஸ் நிறைய ஆட்கள் நிற்கும்போது யன்னலுக்குள்ளால் லேஞ்சியை, கைக்குட்டையை, போட்டு இடம் பிடிப்பார்களே, அதுதான் நான் செய்த பூட்டு. அதில் ஒரு சிக்கல். பஸ்ஸில் லேஞ்சி போட்டவர் ஏறாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் எடுத்துவிடுவார். இணையத்தில் கண்டக்டர் இல்லை. ஒருவர் பக்கத்தைத் திறந்துவைத்து யோசிக்கிறாரா, கரண்ட் போய் வீட்டுக்குப் போய்விட்டாரா என்று சேவையகத்துக்குத் தெரியாது. அது மரியாதையோடு காத்துக்கொண்டே இருக்கும்.

முதல் கிழமையிலேயே மல்லாவியில் பதினேழு பதிவுகள் பூட்டிக் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயர். யோகராசா அண்ணை திறப்பார், வேலையைச் செய்வார், முன்பு போலவே பக்கத்தை அப்படியே விட்டு எழும்பிப் போவார். வாழ்நாள் முழுக்கக் கோப்பை மேசையில் திறந்துவைத்துவிட்டுப் போன மனிதர். இப்போது நெளுக்குளத்தில் யார் எதைத் திறந்தாலும் சிவப்பில் அவருடைய பெயர் வந்தது.

"மனுசன் பூட்டினதையும் மறந்திட்டார்," என்றார் முகாமையாளர். யாரோ சிரித்தார்கள்.

நான் பூட்டுக்கு ஆயுள் வைத்தேன். இருபது நிமிடம். அதற்குப் பிறகு தானாகத் திறக்கும். அடுத்த நாள் ரிஸ்வானா அரை மணித்தியாலம் இருந்து ஒரு நீளமான அறிக்கையைத் தட்டி, சேமி என்று அழுத்தி, "உங்கள் பூட்டுக் காலாவதியாகிவிட்டது" என்ற செய்தியைப் பார்த்தாள். தட்டிய எதுவும் மிஞ்சவில்லை. அவள் என்னுடைய மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. ஏன் திடீரெண்டு பூட்டு? என்ன களவு போனது?"

"பாதுகாப்புக்கு."

"ஆரிட்டை இருந்து?"

நான் திரையைப் பார்த்தேன். அவள் தன் மேசைக்குப் போய் அறிக்கையை முதலில் இருந்து தட்டத் தொடங்கினாள்.

தட்டித் தரச் சொன்ன கடிதம்

அதற்கு அடுத்த கிழமை யோகராசா அண்ணை நெளுக்குளத்துக்கு வந்தார். காலைப் பஸ். மூக்கில் புதுக் கண்ணாடி. என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, ஒரு கடிதம் தட்டித் தருவியோ? எனக்கு ரெண்டு விரல்தானே. ஒரு நாள் பிடிக்கும்."

"சொல்லுங்கோ அண்ணை."

கொப்பியைத் திறந்து வாசித்தார். முகாமையாளர் அவர்கட்கு. பதவி விலகல். நான் தட்டினேன். மேற்படி நிறுவனத்தில் கள உத்தியோகத்தராகக் கடமையாற்றி வரும் எனக்கு, அண்மைக் காலமாக ஞாபகசக்தி குறைந்து வருவதால்...

என் விரல்கள் அந்த இடத்தில் நின்றன.

"கண்ணிலைதான் பிழையோ எண்டு பாத்தன்," என்றார் அவர், நான் கேட்காமலே. "கண் டொக்டர் கண்ணிலை பெரிய பிழை இல்லை எண்டார். கண்ணாடியை மட்டும் மாத்தித் தந்தார். அப்ப மற்றதுதான். எங்கடை பெரியண்ணைக்கும் இப்பிடித்தான் துவங்கினது. முதல்லை சின்னச் சின்ன விஷயம். கடைசியிலை பெத்த பிள்ளையளைத் தெரியாது. ரீச்சருக்குச் சொல்லிப்போட்டன். அவா இப்ப அடுப்பை நான் நிப்பாட்டினாலும் வந்து ஒருக்காப் பாக்கிறா."

ரீச்சர் என்றது அவருடைய மனைவியை. மல்லாவியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

"அண்ணை," என்றேன். "நீங்கள் அந்தக் கட்டத்தைத் தொடேல்லை."

அவர் நிமிர்ந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பத்தே முக்கால், பதினொன்றரை, மூன்று மணி. திரையைத் திருப்பி நாட்குறிப்பைக் காட்டினேன். அவர் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். பூட்டை ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். அவர் தொடவில்லை.

"எத்தினை நாளாத் தெரியும் உனக்கு?"

"பதினெட்டு நாள்."

இந்த எண்ணிக்கை எனக்கு யோசிக்காமலே வாயில் வந்தது. அதிலிருந்தே அவருக்குக் கொஞ்சம் விளங்கியிருக்கும்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. முழுவதையும் குடித்து முடித்தார்.

"அப்ப அந்தக் கடிதத்தை அழி," என்றார். "வேறை ஒண்டு தட்டு. என்ரை பேரிலை இல்லை. உன்ரை பேரிலை."

"முகாமையாளருக்கோ?"

"அவருக்கு நீ வாயாலை சொல்லு. இது ரீச்சருக்கு. எனக்கு மறதி இல்லையெண்டு எழுது. நான் சொன்னா அவா நம்பமாட்டா. கடதாசியிலை இருந்தா நம்புவா."

நிறுவனத்தின் தலைப்புத் தாளில் எழுதினேன். மேற்படி திகதியில் நடந்த தவறு மென்பொருளின் குறைபாட்டால் ஏற்பட்டது என்றும், தங்கள் கணவர் யோகராசா அவர்களின் ஞாபகசக்திக்கும் அதற்கும் எவ்வித தொடர்பும் இல்லை என்றும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன். கையெழுத்து. முத்திரை. அவர் வாசித்துப் பார்த்து, "எவ்விதத் தொடர்பும்" என்று ஒரு ஒற்றெழுத்தைத் திருத்தச் சொன்னார். திருத்தி மறுபடி அச்சிட்டேன். மூன்றாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

கூட்டக் குறிப்பு

அன்றைக்கே முகாமையாளரிடம் சொன்னேன். பயந்தது போல எதுவும் நடக்கவில்லை. அவர் பாதியில் கேட்பதை நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். அடுத்த கூட்டக் குறிப்பில், "தொழில்நுட்பக் காரணத்தால் ஏற்பட்ட இடமாற்றம்" என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே, என்னுடைய வெளிப்படைத் தன்மைக்குப் பாராட்டு என்று இன்னொரு வரி. யோகராசா அண்ணையின் பெயர் குறிப்பில் எங்கும் இல்லை. இரண்டு கிழமையாகச் சிவப்பில் வந்த பெயர், திருத்தவேண்டிய இடத்தில் வரவில்லை. நான் இரண்டாவது தரம் எழுந்து நின்று கேட்ட பிறகு, "அவர் மீது தவறில்லை" என்று பேனையால் சேர்த்தார்கள்.

இன்னொரு தொல்லை இருந்தது. வெளிநாட்டில் பணம் தந்தவர்களுக்கு அறிக்கை போய்விட்டது. படத்தோடு. பம்பியின் பிடியைப் பிடித்துச் சிரித்தபடி சிவலிங்கம். கீழே: பயனாளி, திருமதி பாக்கியம்.

கிணறுகளின் பிரச்சினையைத் தீர்க்க முகாமையாளர் வழி கண்டுபிடித்தார். சிவலிங்கமும் பட்டியலில் இருந்தார், கீழே. அவருடைய பதிவை "முடிந்தது" என்றும், பட்டியலில் அவருடைய இடத்தைப் பாக்கியம் அக்காவுக்கும் மாற்றினோம். நியாயமான ஏற்பாடு. சிவலிங்கத்தின் முறை வர ஏழு மாதம் இருந்தது என்பதைத் தவிர.

அதைச் சொல்ல நானும் யோகராசா அண்ணையும் துணுக்காய்க்குப் போனோம். பிழை என்னுடையது என்று பாக்கியம் அக்காவிடம் சொன்னேன். அவர் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"ஏழு மாசம் நாங்க என்னத்தக் குடிக்கிறதுங்க?"

"சிவலிங்கத்தார் தண்ணி எடுக்கச் சொல்லித்தான் சொல்லுறார்," என்றார் யோகராசா அண்ணை.

"எம் பேருல வந்த தண்ணிய அவர் எனக்குத் தானம் பண்ண வேணாம்."

பதில் சொன்னது உள்ளே கட்டிலில் படுத்திருந்த முனியாண்டி. எழுந்து வந்தார். கால் வீங்கியிருந்தது. மூலையில் இருந்த வெள்ளைத் தண்ணீர்க் கானை எடுத்தார்.

"தானமென்ன தானம்? நம்ம கெணறு அங்கன கெடக்கு. எந் தண்ணிய நான் போய் எடுத்துட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு, மெல்ல மெல்ல நடந்து பக்கத்துப் படலைக்குப் போனார். சிவலிங்கம் ஓடிவந்து கானை வாங்கினார். தானே அடித்து நிரப்பி, தானே தூக்கி, நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வளவுக்குள் வந்து, விறாந்தையில் வைத்தார். பாக்கியம் அக்கா நன்றி சொல்லவில்லை. "மாட்டைக் கட்டி வச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். கட்டித்தான் வைச்சிருக்கு என்றார் அவர்.

ஏழு என்று சொன்னது எட்டு மாதமானது. கிணறு வந்தது. இந்தத் தரம் ரிஸ்வானா நேரில் நின்று, ஒரு தடியை ஊன்றி, இயந்திரம் துளைத்து முடியும்வரை அதன் பக்கத்தை விட்டு அசையவில்லை.

ரிஸ்வானா சொன்ன வழி

பூட்டை நான் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று சொன்னவள் ரிஸ்வானா. நடந்ததைச் சொன்னபோது அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்தாள்.

"பூட்டாதைங்கோ அக்கா. ரெண்டு பேரும் திறக்கட்டும். நான் சேமிக்கேக்கை, இடையிலை வேறை ஆரும் மாத்தியிருந்தா எனக்குச் சொல்லுங்கோ. அவர் எழுதினதையும் நான் எழுதினதையும் பக்கத்திலை பக்கத்திலை காட்டுங்கோ. நான் அவருக்குப் போன் எடுத்துக் கதைச்சு எது சரியெண்டு முடிவெடுக்கிறன்."

ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் வைத்தேன். சேமிக்கும்போதெல்லாம் அது ஒன்று கூடும். நீங்கள் திறந்தபோது இருந்த எண்ணும் சேமிக்கும்போது இருக்கும் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், நிரல் நிறுத்தி, இரண்டையும் காட்டும். ஒருநாள் வேலை. பாடப் புத்தகங்களில் முதலாவதாகச் சொல்லும் வழி இதுதான் என்று பிறகு தெரிந்தது. மாதத்தில் இரண்டு மூன்று தரம்தான் அந்தப் பக்கம் வந்தது. வந்தபோதெல்லாம் மல்லாவியும் நெளுக்குளமும் போனில் கதைத்தன. கிணற்றில் தொடங்கி, வாப்பாவின் வயல், ரீச்சரின் முழங்கால் என்று அது நீண்டுபோகும். முகாமையாளர் போன் செலவைப் பற்றி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்.

ரீச்சர்

யோகராசா அண்ணை அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் வேலை செய்தார். நிறுவனம் மூடப்பட்டபோது எல்லாரோடும் சேர்ந்து வீட்டுக்குப் போனார். கடைசி நாளில் தன்னுடைய கொப்பிகளை அடுக்கி, கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

போன மாரிக்கு முதல், ஒரு பத்து மணிபோல, தெரியாத இலக்கத்தில் இருந்து போன் வந்தது.

"தங்கச்சி, நான் யோகராசான்ரை வீட்டிலை இருந்து கதைக்கிறன்."

நான் ரீச்சரோடு அதற்கு முன் கதைத்ததில்லை. குரல் வகுப்பறைக் குரல்தான். ஆனால் தாழ்த்திக் கதைத்தார்.

"அந்த நேரம் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தனீங்கள். அதின்ரை பிரதி உங்களிட்டை இருக்குமோ?"

"இருக்கு ரீச்சர். ஏன்?"

எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இவர் அதை எங்கையோ பத்திரமா வைச்சிட்டார். எங்கையெண்டு தெரியேல்லை. மூண்டு நாளா அலுமாரி எல்லாத்தையும் இறக்கித் தேடுறார். எனக்குக் காட்டவேணுமாம்."

நான் மடிக்கணினியைத் திறந்தேன்.

"நீங்கள் ஒண்டு அனுப்பினா, நான் அவரின்ரை சேட்டுகளுக்கு நடுவிலை வைச்சுவிடுறன்," என்றார் ரீச்சர். "அவரே எடுக்கட்டும்."

கோப்பைத் தேடி எடுத்தேன். தலைப்புத் தாளில் இரண்டு மூன்று மிச்சம் இருந்தன. அச்சிட்டேன். புதுத் திகதியைப் போடவில்லை, பழையதையே விட்டேன். கையெழுத்து வைத்து, மூன்றாக மடித்து, மடிப்பில் நகத்தால் நாலைந்து தரம் அழுத்தித் தேய்த்து, பழைய கடதாசி மாதிரி ஆக்கினேன். மல்லாவி பஸ்ஸில் கொடுத்துவிட்டேன், ரீச்சரின் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லி.